ஒட்டுவாரொட்டி

அரசாங்கத் திட்டங்களுக்கு ஆலோசகராகப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் தங்கள் பணிப் பின்னணியை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் பக்கம் பார்க்க லட்சணமாக இருக்கும். எந்தத் துறைக்கு என்ன மென்பொருள் எழுதினேன், எந்தத் தரவுத்தளத்தை வடிவமைத்தேன் என்று மேலிருந்து கீழே வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் அடியில், 'தரவு உள்ளீட்டாளர், தருமபுரி' என்று ஒரு வரி இருக்கும். சமீபத்தில் ஒரு கூட்டத்தில், என் மகன் வயதுள்ள ஓர் அதிகாரி அந்த வரியில் விரலை வைத்து, "இவ்வளவு சின்ன வேலையெல்லாம் எதுக்கு மேடம், எடுத்துடலாமே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காகிதத்தைச் சுருட்டி அவர் வாயிலேயே திணித்திருப்பேன். "இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொன்னேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இன்று அங்கே உட்கார்ந்து ஒழுங்காக வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குத்தான் சங்கடம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன் என்பதால் என்னைத் தினக்கூலிக்கு எடுத்தார்கள். அந்த அறைக்கு மட்டும்தான் ஏசி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். திரைக்கு ஒரு துணி உறை, விசைப்பலகைக்கு ஒரு துணி உறை, இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை பொட்டு. மிசினுக்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசி அங்கே மனுஷருக்குக் கிடைத்ததில்லை.

அறைக்குப் பொறுப்பாக ஓர் இன்ஜினியர் இருந்தார். வெளியூர்க்காரர், மெதுவாகப் பேசுவார், யாரையும் அதட்ட மாட்டார். அலுவலகத்தை ஆண்டதோ சூப்பிரண்டு. பியூன் முதல் பெரிய அதிகாரி வரை அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். கம்ப்யூட்டருக்கு நிரந்தரமாக ஒரு பணியிடம் வரப்போகிறது, அதை அறையிலேயே வேலை பார்க்கிறவருக்குத்தான் தருவார்கள், சூப்பிரண்டு நல்லபடியாக எழுதி அனுப்பினால் போதும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வேலைக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம். கேழ்வரகும் தக்காளியும் போட்டுப் பிழைக்கிற கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவுக்குக் குஷ்டம் என்கிற பெருவியாதி வந்து, கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக மாத்திரை தின்று குணமானது. இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே சொல்லி அனுப்பினார். ஆனால் மடங்கிப்போன விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. புருவ முடியும் திரும்ப முளைக்கவில்லை. ஊருக்கு டாக்டர் சொன்னது முக்கியமில்லை, புருவம்தான் முக்கியம். கோயிலில் பூசைக்குப் போனால் கடைசிப் பெஞ்சு முழுக்க அவர் ஒருத்தருக்கே. விருந்து வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மாட்டுக்கொட்டகைப் பக்கமாக இலை போடுவார்கள். அரூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியெல்லாம் தின்றுவிட்டு, அப்பா தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றதும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்கள். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது.

அப்பாவுக்கு இதெல்லாம் பழகிப் போயிருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்காது. யாரிடம் பேசப் போனாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். தன் மேல் பட்ட காற்று எதிரில் இருப்பவர் மேல் படாதபடி விலகி நின்று பேசுவார். நான் அவரைத் திட்டுவேன். "வுடு பாப்பா, அவங்களுக்கும் பயம் இருக்குமில்ல" என்பார். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தால் பெருவியாதிக்காரன் மகள் என்ற பேர் போய்விடும், கம்ப்யூட்டர் பொண்ணு என்று சொல்வார்கள், அப்பாவையும் முன் பெஞ்சில் உட்கார விடுவார்கள் என்று நான் நம்பினேன். இருபது வயசில் எதையும் நம்பலாம்.

ஒரு விடுமுறை நாளில், பாக்கி வேலையை முடிக்க என்னை வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் டவுனில் மருந்து வாங்க வேண்டுமென்று கூட வந்தார். அலுவலகத்தில் ஆளே இல்லை. மிசினைப் பார்க்க உள்ளே வா என்று கூப்பிட்டேன். "நான் எதுக்கு, நீ பாரு, போதும்" என்று வாசலிலேயே நின்றார். கையைப் பிடித்து இழுத்துப் போனேன். குழாயடிக்குப் போய்க் காலை இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். "ஒரு எழுத்து அமுத்திப் பாருப்பா" என்றேன். மடங்கின விரல் முட்டியால் ஒரு விசையைத் தொட்டார். திரையில் எழுத்து வந்தது.

"இது நான் அமுத்துனதா?"

"நீ அமுத்துனதுதான்."

அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் ஏதோ கோப்பு எடுக்க சூப்பிரண்டு வந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பெரியவரே, கம்ப்யூட்டர் கத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். அப்பா சட்டென்று சுவரோரம் ஒதுங்கி, கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். மறைக்கிற கையைத்தானே மனுஷன் உற்றுப் பார்ப்பான்.

அது நடந்து ரொம்ப நாள் ஆகவில்லை, ஒரு காலையில் மிசினைப் போட்டதும் திரையில் ஒரு சின்ன உருண்டை துள்ள ஆரம்பித்தது. மேலே போய் முட்டும், கீழே வந்து முட்டும், நான் அடித்த எழுத்துகளின் மேலெல்லாம் உருண்டு போகும். அலுவலகமே வேலையைப் போட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டது. இன்ஜினியர் மெட்ராசுக்கு டிரங்கால் போட்டார். அந்தக் காலத்தில் டிரங்காலில் கத்தித்தான் பேச வேண்டும். "ஆமா சார், வைரஸ். வைரஸ் சார். மிஷின் புல்லா வைரஸ் வந்துருக்கு" என்று அவர் கத்தியது கடைசி அறை வரைக்கும் கேட்டது.

வைரஸ் என்ற வார்த்தை அப்போதுதான் ஊருக்குப் புதுசாக வந்திருந்தது. எய்ட்ஸ் என்று ஒன்று கிளம்பியிருக்கிறது, வைரஸால் வருகிறது, வந்தால் சாவுதான் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் வைரஸ் என்றால் அது ஒன்றுதான். அத்தனை பேரும் வாசலிலிருந்து இரண்டடி பின்னால் போனார்கள். சூப்பிரண்டு மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு உங்கப்பா வந்து தொட்டாரே. அந்தக் கை..."

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"ஒட்டுவாரொட்டி வியாதிம்மா அது. படிச்ச பொண்ணு, தெரிய வேண்டாமா உனக்கு?"

மத்தியானத்துக்குள் அறையைப் பினாயில் போட்டுக் கழுவினார்கள். மூலைக்கு மூலை சாம்பிராணி போட்டார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டினார்கள். பியூன் பஞ்சில் டெட்டால் நனைத்து விசைப்பலகையை ஒவ்வொரு விசையாகத் துடைத்தான். சாயந்திரம் விசைப்பலகை செத்தே போய்விட்டது. அதுவும் என் அப்பா கணக்கில்தான் சேர்ந்தது. சிரிப்பு வருகிறதா? எனக்கும் இன்றைக்கு வருகிறது. அன்றைக்கு டீ கொண்டுவந்த பையன் எனக்கு மட்டும் வேறு தம்ளரில் கொடுத்தான். அதன் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

மெட்ராசிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு பிளாப்பியைப் போட்டார், நாலைந்து கட்டளை அடித்தார், உருண்டை போய்விட்டது. பக்கத்தில் நின்ற இன்ஜினியரிடம், "யாரோ கேம்ஸ் பிளாப்பி போட்டிருக்காங்க சார், அதுல வந்தது. இது ஒரு புரோகிராம், அவ்ளோதான். வெளி பிளாப்பி எதையும் போட விடாதீங்க" என்று சொன்னார். நான் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இன்ஜினியருடைய மச்சான் பெங்களூரில் இருந்தார். வரும்போதெல்லாம் கார் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று கொண்டுவந்து தருவார், சாயந்திரங்களில் இன்ஜினியர் அதைப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பார். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

மெட்ராஸ்காரர் போனதும் இன்ஜினியரிடம் போனேன்.

"சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். இது வியாதி இல்ல, புரோகிராம்னு சூப்பிரண்டுகிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொல்றது கரெக்ட்தாம்மா. ஆனா நான் வாயத் தொறந்தா, அப்ப எதுல வந்துச்சுன்னு கேப்பாங்க. எனக்கு சர்வீஸ் இன்னும் நிறைய இருக்கு. கொஞ்ச நாள் வெளியில உக்காரு, தானா அடங்கிடும்."

இதைக் கோபமில்லாமல், பிரியமாகவே சொன்னார். சூப்பிரண்டு அறியாத மனுஷன், பயந்தார், பயத்தில் பேசினார். அவரை என்னால் ஒருமாதிரி மன்னிக்க முடிகிறது. இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கண்ணாடியைத் துடைத்தார். இவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

வராந்தாவில் ஆண்கள் கக்கூசுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். உள்ளே இருந்தபோது இன்ஜினியர் அடிப்பதைப் பார்த்தே புரோகிராம் எழுதக் கற்றிருந்தேன். அங்கே உட்கார்ந்து அதைத் தாளில் எழுதுவேன். பியூன் அதை ஓர் அட்டை மேல் வாங்கிக்கொண்டு போவான், இன்ஜினியர் உள்ளே அடிப்பார். தப்பு வந்தால் என்ன தப்பு என்று ஜன்னல் வழியாகச் சொல்வார். மிசின் என்ன செய்யும் என்பதை மிசினைப் பார்க்காமலே மனசுக்குள் ஓட்டிப் பார்க்க அங்கேதான் பழகினேன். பிற்காலத்தில் எத்தனையோ பேர், இதெல்லாம் எப்படி மேடம் தலைக்குள்ளேயே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கக்கூஸ் நாற்றத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும் என்று சொல்லத் தோன்றும். நான் எழுதியதையெல்லாம் தான் எழுதியதாக மேலே அனுப்பி, இன்ஜினியர் பாராட்டு வாங்கினார்.

அடங்கியிருக்கும். அந்த ஆள் மறுபடியும் கார் ஓட்டாமல் இருந்திருந்தால். மச்சான் வந்து போன மறுவாரம் உருண்டை திரும்ப வந்து துள்ளியது. நான்தான் உள்ளேயே போகவில்லையே, இனி என்ன சொல்வார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. சூப்பிரண்டு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"நீ தொட்ட தாள்தானே உள்ள போவுது. நீ அந்த வூட்லதானே படுத்து எந்திரிச்சு வர்ற. அவரு இருக்கற வூட்ல இருந்து நீ வர்ற வரைக்கும் இது நிக்காது. வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்."

இன்ஜினியர் ஜன்னலுக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி வீட்டில் நான் சாப்பிடவில்லை. அம்மா விடாமல் கேட்டாள், அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அது கேம்ஸ் பிளாப்பியால் வந்தது என்றும் சொன்னேன், இன்ஜினியர் மறைக்கிறார் என்றும் சொன்னேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பா ஒன்றும் கேட்கவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

காலையில் அவர் இல்லை. தக்காளி வண்டியில் ஏறிப் போயிருப்பார் என்று அம்மா சொன்னாள். நான் எப்போதும்போல பஸ் பிடித்து தருமபுரிக்குப் போனேன். அலுவலகத்துக்கு எதிரில் ரோட்டின் அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு துணிமூட்டை. சூப்பிரண்டு சைக்கிளை நிறுத்துகிறவரைக்கும் காத்திருந்தார். பிறகு காற்று பார்த்து, ஒதுங்கி நின்று கும்பிட்டார். அந்த விரல்கள் கும்பிட்டால் சேராது.

"சார், நான் அந்த வூட்ட வுட்டு வந்துட்டனுங்க. சிஸ்டருங்க ஆஸ்பத்திரியில ஒரு ஓரமா இருந்துக்கறேன்னு விடியக்காலமே போய்க் கேட்டனுங்க, சரின்னுட்டாங்க. இனிமேட்டு அந்த வூட்டுப் பக்கமே வர மாட்டனுங்க. பொண்ண உள்ள வுடுங்க சார்."

நான் ஓடிப்போய் அவர் மூட்டையைப் பிடுங்கினேன். "என்னப்பா பேசற, அது வியாதியே இல்லன்னு சொன்னேன்ல" என்று நடுரோட்டில் கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சூப்பிரண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பிரண்டுக்கும் கண் கலங்கிவிட்டது. அதுதான் கொடுமை. "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார். மூட்டையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். நான் கூடவே போனேன். "எனக்கு இந்த எழவு வேலையே வேண்டாம், வா வூட்டுக்குப் போலாம்" என்றேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"வேலய வுட்டீன்னா நான் செத்தாக்கூட நீ வரக்கூடாது" என்றார். அப்பா என்னிடம் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

என்னை உள்ளே விட்டார்கள். இன்ஜினியர் என் முகத்தைப் பார்க்காமல், "நல்லதாப் போச்சு, உக்காரும்மா" என்றார். ரோட்டில் நடந்ததை அவரும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பயந்துபோய் அந்த விளையாட்டு பிளாப்பியை இரண்டாக மடக்கிக் குப்பையில் போட்டிருந்தார். நானே பார்த்தேன். அதற்குப் பிறகு உருண்டை வரவே இல்லை.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவேன். அப்பா தோட்டத்தில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும் பாத்திக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். பெற்ற மகளுக்கே காற்று பார்க்க ஆரம்பித்திருந்தார். முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"மிசினு நல்லா இருக்குதா?"

"அதுக்கு என்ன கேடு, கல்லு மாதிரி இருக்குது. நீ வூட்டுக்கு வா."

"அப்பறம் வந்துச்சா அது?"

"வரல."

"பாத்தியா. நான் இங்க வந்த பின்னால வரல பாரு."

பிளாப்பி, மச்சான், கார் விளையாட்டு என்று முதலிலிருந்து சொல்வேன். ஒரு சின்னப் பிளாப்பியைக் கொண்டுபோய்க் காட்டியும் சொல்லியிருக்கிறேன். "செரி, செரி" என்று தலையாட்டுவார். "எம்பொண்ணு நீ, எனக்காவ அப்பிடித்தான் சொல்லுவ" என்பார். அந்தத் தகட்டை இந்தப் பக்கம் நீட்டாதே என்றும் சொல்வார். நிரந்தர வேலைக்கான ஆர்டர் வந்தபோது முதலில் அவரிடம்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன். கையில் வாங்கவில்லை. "அங்கயே நின்னு படி, கேக்கறேன்" என்றார். படித்தேன். என் பேரும் அவர் பேரும் வருகிற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அன்று ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். தன் பங்கை எடுக்கச் சொல்லி சிஸ்டர் தட்டை நீட்டிய பிறகுதான் எடுத்தார்.

ஊரில் என்னைக் கம்ப்யூட்டர் பொண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் நினைத்தது நடந்தது. கோயிலில் எனக்கும் அம்மாவுக்கும் முன் பெஞ்சில் இடம் விட்டார்கள். அப்பா இல்லாததால் வந்த மரியாதையா, வேலையால் வந்த மரியாதையா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கிடைக்கிற பதில் என்னவென்று தெரியும்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வழக்கமாகத் தோட்டத்தில் நிற்கிற மனுஷனைக் காணோம். அறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று சிஸ்டர் சொன்னார். நான் வாசற்படியில் நின்று கூப்பிட்டேன். திரும்பினார். முகம் செத்துப் போயிருந்தது.

"பேப்பருல போட்டிருக்குதாம் பாப்பா. அமெரிக்காவுல, லண்டனுல, எல்லா எடத்துலயும் மிசினுக்கு அது வந்துருக்குதாம். சிஸ்டரு படிச்சாங்க."

"ஆமாப்பா. ஒலகம் பூரா வருது. நான்தான் உங்கிட்டச் சொன்னேனே, அது ஒரு புரோகிராம்னு. இப்பவாச்சும் நம்பறியா?"

அவருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"நான் எங்கயும் போவல பாப்பா. இந்தக் காம்பவுண்ட வுட்டு வெளிய கால் வெக்கல, சிஸ்டரக் கேட்டுப் பாரு. நீ ஆபீசுல சொல்லிடு. இந்தத் தடவ அது என்னால வரலன்னு சொல்லிடு."